அண்ணி தொங்கவிட்ட கேபிள் துண்டுகள்

என் அண்ணிக்கு வேலையிடத்தில் ‘கேபிள் ஜோசியர்’ என்று பெயர். அணுமின் நிலையத்துக் கேபிள்களின் மேலுறை இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்று கணித்துச் சொல்வது அவர் வேலை. துண்டுகளைச் சூட்டிலும் கதிர்வீச்சிலும் வாட்டி, அவசர அவசரமாகக் கிழவனாக்குவார். பிறகு உறையை உரித்து இழுப்பார். நீண்டு கொடுத்தால் இளசு, பட்டென்று அறுந்தால் ஆயுசு முடிந்தது. எங்கள் வீட்டில் அவர் வளைத்துப் பார்க்காத வயரே கிடையாது.

கணக்கைச் சரிபார்க்க, உலைக்கருகே சூடான குழாயை ஒட்டி ஓடும் கேபிள்களோடு அதே ரகத் துண்டுகள் சிலவற்றையும், தன் பெயர் எழுதிய சீட்டைக் கட்டி, பல வருஷம் முன்பே தொங்கவிட்டிருந்தார். கேபிள் படும் பாட்டைத் துண்டும் பட வேண்டும், அதுதான் ஏற்பாடு. இந்த வருஷம் நிலையத்தை நிறுத்தியபோது அவற்றை எடுத்து இழுத்தார்கள். அண்ணி கணக்குப்படி உடனே அறுந்திருக்க வேண்டும். அவையோ நீண்டுகொண்டே போயின.

கேபிள் மாற்றும் வேலை மிச்சம் என்று மேலாளருக்கு வாயெல்லாம் பல். அங்கேயே எலக்ட்ரீஷியனாக இருக்கும் என் அண்ணனைக் கண்டாலே எரிந்து விழும் மனிதர் அவர். அண்ணி மட்டும் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். தன் கணக்கு சரியாக இருந்து, பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டால், ஆபத்து நேரத்தில் அவை காலை வாரிவிடும்.

சாப்பிடும்போது சொல்லிப் புலம்பினார். அண்ணன் பெருமையாகச் சிரித்தான்.

“எப்படிக் கெடும்? நான்தானே பத்திரமா எடுத்து வச்சேன்.”

அண்ணியின் கை தட்டிலேயே நின்றது. “என்ன பண்ணீங்க?”

“கல்யாணமான புதுசு. குழாய்கிட்ட கிடந்து வெந்துக்கிட்டிருந்துச்சு. சீட்டுல உன் பேரு. மனசு கேக்கல. காத்து வர்ற பக்கமா மாத்திக் கட்டிட்டேன்.”

இத்தனை வருஷத்தில் அண்ணன் காட்டிய அக்கறை அது ஒன்றுதான், அதையும் தப்பான இடத்தில் காட்டித் தொலைத்திருக்கிறான். அண்ணிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. திட்டி முடித்ததும், மறுநாளே அவனை மேலாளர் முன் நிறுத்தி உண்மையைச் சொல்ல வைத்தார்.

குழாயருகே ஓடிய கேபிளிலேயே ஒரு துண்டை வெட்டி இழுத்தார்கள். அண்ணி சொன்னபடியே அறுந்தது. அந்த வரிசை முழுவதையும் மாற்ற உத்தரவானது.

புதுக் கேபிளோடு புதுத் துண்டுகளும் தொங்கின. இந்த முறை சீட்டில் அண்ணி தன் பெயரை எழுதவில்லை, மேலாளர் பெயரை எழுதினார். அண்ணன் தினமும் அந்த வழியாகத்தான் போகிறான். துண்டுகள் நிம்மதியாக வெந்துகொண்டிருக்கின்றன.