பின்னறைக் கீரையும் பக்கத்து வீட்டுக்காரரும்

என் கீரைப் பாத்தியில் புல் மருந்து அடித்தவர் பக்கத்து வீட்டுக்காரர்தான் என்பதில் எனக்கு முதல் நாளே சந்தேகம் இருக்கவில்லை.

தங்கா பத்துவில் எங்களுடையது வரிசை வீடு. பின்புறக் கால்வாயைத் தாண்டி ஒரு துண்டு காலி நிலம் கிடந்தது. தாமான் என்கிற எங்கள் குடியிருப்பில் பாதிப் பேர் அங்கே எதையாவது நட்டு வைத்திருந்தார்கள். என் பங்குக்குக் கீரையும் வெண்டையும் கொஞ்சம் கத்தரியும். ஒருநாள் காலை வாளியோடு போனபோது எல்லாம் வெந்நீர் ஊற்றியதுபோல் துவண்டு கிடந்தன. அதை ஒட்டியே எங்கள் வரிசை மலாய்க்கார அக்கா நட்டிருந்த செராய் என்கிற எலுமிச்சைப்புல் புதருக்கு ஒன்றும் ஆகவில்லை. என் பாத்தியின் ஓரத்தோடு மருந்து நின்றுவிட்டிருந்தது.

பெம்பான் பக்கத்து எஸ்டேட்டில் என் அம்மா புல் மருந்தடிக்கும் வேலை செய்தவர். எத்தனை துவைத்தாலும் அவர் சட்டையை விட்டு அந்த நெடி போகாது. அதே நெடி இப்போது என் கீரையில் அடித்தது.

பக்கத்து வீட்டுக்காரர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தாமான் குழுவில் ஏதோ பொறுப்பு வைத்துக்கொண்டிருந்தவர். கால்வாய்க்கு அந்தப்பக்கம் யாரும் எதுவும் நடக்கூடாது என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுவார். நான் போனபோது வாசலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, என் கீரையில மருந்து அடிச்சது யாரு?"

அவர் பேப்பரை இறக்கவே இல்லை. "எனக்கென்னம்மா தெரியும்? கொசு, பாம்புன்னு எல்லாரும் கம்ப்ளேன் பண்றாங்க. நெனைச்ச எடத்துல கீரை போட இது என்னா எஸ்டேட் லயமா?"

அவரும் என்னைப்போல் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவர்தான் என்று அவர் மனைவியே என்னிடம் சொல்லியிருக்கிறார். அதனால்தான் அந்தச் சொல் அப்படிச் சுட்டது.

"விட்டுரு லா. பசார்ல வாங்கிக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். என்னால் விட முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் கை எட்டாத இடத்தில், அவர் கண்ணெதிரே வளர்க்க வேண்டும் என்று ஒரு வெறி பிடித்துக்கொண்டது. மகன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து பின்னறை காலியாக இருந்தது. மண்ணே இல்லாமல் தண்ணீரில் கீரை வளர்ப்பதை வீடியோவில் பார்த்திருந்தேன். தட்டு அலமாரி, பிளாஸ்டிக் தொட்டிகள், ஸ்பாஞ்சு, ஊதா வெளிச்சம் தரும் விளக்குகள், ஏ, பி என்று இரண்டு போத்தல் உரம் எல்லாம் வாங்கி வந்தேன்.

முதல் விதைப்பு நூல்போல நீண்டு சாய்ந்தது. விளக்கை உயரத்தில் மாட்டியதுதான் காரணம். அடுத்த முறை விளக்கை இறக்கினேன். ஆனால் இரண்டு உரத்தையும் தண்ணீரில் விடும் முன்பே ஒன்றாகக் கலந்துவிட்டேன். சுண்ணாம்புபோல் அடியில் படிந்துவிட்டது, செடிக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை, இலைகள் வெளுத்தன. மூன்றாவது முறை இலையெல்லாம் நன்றாக வந்துகொண்டிருக்கும்போதே மத்தியானங்களில் செடிகள் தலை தொங்க ஆரம்பித்தன. தூக்கிப் பார்த்தால் வேர் பழுப்பாக, வழவழவென்று, சாக்கடை நாற்றத்தோடு இருந்தது.

அன்று அந்த அறைத் தரையில் உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் இதைப் பார்த்தால் எப்படிச் சிரிப்பார் என்று நினைத்தேன். அந்த நினைப்பே என்னை எழுப்பிவிட்டது. தொட்டிக்குள் கையை விட்டால் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. மேற்கு வெயில் விழும் அறை. சூடேறிய தண்ணீரில் வேருக்கு மூச்சு விடக் காற்று போதாது என்று பிறகுதான் புரிந்தது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, தொட்டிகளைக் குளோரோக்ஸ் பிளீச் போட்டுத் தேய்த்து அலசினேன். தேய்க்கும்போது அவர் முகத்தைத்தான் தேய்த்தேன் என்று சொன்னால் பொய்யில்லை. வெளிச்சம் புகுந்து பாசி பிடிக்காமல் தொட்டிகளைக் கறுப்புப் பிளாஸ்டிக்கால் சுற்றினேன். மீன் தொட்டிக்குப் போடும் காற்றுப் பம்பு வாங்கினேன். மத்தியானம் சாப்பிட வரும் என் வீட்டுக்காரர், முனகிக்கொண்டே ஐஸ் கட்டிய தண்ணீர்ப் போத்தல்களைத் தொட்டிக்குள் போட்டுவிட்டுப் போவார்.

அந்த முறை வேர்கள் சேமியாபோல் வெள்ளையாக இறங்கின. பச்சைக்கீரை, பாக்சோய், சாலட் இலை என்று அலமாரி கொள்ளாமல் நின்றன.

சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் உட்காரும் நேரம் பார்த்துக் கூடையோடு கிளம்பினேன். மலாய்க்கார அக்காவுக்கு ஒரு கட்டு, எதிர்வீட்டுச் சீனத் தாத்தாவுக்கு ஒரு கட்டு என்று வரிசை முழுக்கக் கொடுத்தேன். அவர் வீட்டுக் கேட்டில் மட்டும் நிற்கவில்லை.

அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து, "எங்களுக்கு இல்லையாம்மா?" என்றார். நல்ல மனுஷி.

"உங்க வீட்டுக்காரருக்குத்தான் கீரையே பிடிக்காதே, அக்கா" என்றேன். பேப்பர் அசையவில்லை. அன்று நான் சாப்பிட்ட கீரைப் பொரியலின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

அவர் சும்மா இருப்பாரா? கெமிக்கல் தண்ணீரில் வளர்த்தது, சாப்பிட்டால் வியாதி வரும் என்று வரிசையில் சொல்லித் திரிந்தார். யாரும் காது கொடுக்கவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கள் வாசலில் போலீஸ் கார் வந்து நின்றது. பின்னறையில் ஊதா விளக்கு போட்டுக் கஞ்சா வளர்ப்பதாக யாரோ தகவல் கொடுத்திருக்கிறார்கள். இந்த நாட்டில் அந்தச் சொல் தூக்குக் கயிறு வரை கொண்டுபோகும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த அறையின் சன்னல் தெரிகிற ஒரே வீடு பக்கத்து வீடு.

இரண்டு போலீஸ்காரர்களையும் நானே உள்ளே கூட்டிப்போனேன். அலமாரியைப் பார்த்ததும் இளையவர் சிரித்துவிட்டார். "சாயூர் சஜா, காக்?" வெறும் காய்கறிதானா அக்கா என்கிறார். மூத்தவர் குனிந்து வேரைப் பார்த்துவிட்டு, தன் மனைவி வளர்க்கும் செடியில் இலை நுனி கருகுகிறதே, ஏன் என்று கேட்டார். செடிகளுக்கு நடுவில் காற்று ஓடவில்லை, சின்ன ஃபேன் வையுங்கள் என்றேன். அவர்கள் போகும்போது வரிசையே வெளியில் நின்றது. வாசலில் நின்றபடியே உரக்கச் சொன்னேன்: "எல்லாரும் உள்ள வந்து பாருங்க. ஒளிச்சு வைக்க இங்க ஒண்ணுமில்ல."

எல்லாரும் வந்தார்கள். அவர் மனைவியும் வந்தார். ஒவ்வொரு தட்டாகப் பார்த்துவிட்டு, "எனக்கும் சொல்லித் தர்றியா?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்குச் சிரிப்பு பொங்கியது. அடுத்த வாரமே அவர்கள் வீட்டில், அவர் கணவர் டிவி பார்க்கும் ஹாலில், டிவிக்குப் பக்கத்திலேயே அலமாரியை நிறுத்தினேன். தண்ணீர் தூக்குவதும் தொட்டி கழுவுவதும் அந்த அக்காவின் முட்டிக்கு ஆகாது. அதனால் அந்த வேலை கணவர் தலையில். நான் போய் நின்று, "அண்ணே, அந்த மூலையில இன்னும் பாசி இருக்கு" என்பேன். அவர் மறுபடி குனிந்து தேய்ப்பார்.

அந்த அக்கா, தன் மகளின் பிரசவத்துக்காகச் சிம்பாங் அம்பாட் போய்த் தங்கியபோதுதான் அது நடந்தது. சாயங்காலம் பக்கத்து வீட்டுக்காரர் கையில் ஒரு சாலட் செடியோடு என் கேட்டுக்கு முன்னால் நின்றார். இலை தொங்கியிருந்தது. வேர் பழுப்பு. பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"எல்லாமே இப்படி ஆயிடுச்சும்மா. அவ வந்தா கத்துவா. என்னா செய்யணும்?"

நான் கேட்டைத் திறக்கவில்லை. "என் கீரையில மருந்து அடிச்சது யாருண்ணே?"

அவர் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். மலாய்க்கார அக்கா துணி எடுத்துக்கொண்டிருந்தார்.

"நான்தான்" என்றார்.

"கேக்கல."

"நான்தாம்மா அடிச்சேன்!"

மலாய்க்கார அக்காவுக்குத் தமிழ் கொஞ்சம் புரியும். துணியோடு அப்படியே நின்றுவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் முகம் கறுத்தது. எனக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. அதன் பிறகுதான் சொன்னேன்: தண்ணீர் சூடாகிவிட்டது, காற்றுப் பம்பை நிறுத்தியிருக்கிறீர்கள், அழுகிய வேரை வெட்டிவிட்டுத் தொட்டியைக் கழுவிப் புதுக் கரைசல் விடுங்கள். கரண்டு பில்லுக்குப் பயந்து பம்பை அணைத்ததாக ஒத்துக்கொண்டார்.

பாதிச் செடிகள் பிழைத்தன. அக்கா திரும்பி வந்ததும் அந்த சாலட் இலையில் ஒரு கட்டு எனக்குக் கொடுத்தனுப்பினார், வாங்கிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரரை மன்னித்துவிட்டாயா என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். இல்லை. தெருவில் எதிரே வந்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் திருப்பிக்கொள்வதில்லை. கடந்து போகும்வரை நேராகவே பார்க்கிறேன்.