மின்னூட்டம் ஆம்பூருக்கு வந்த கதை

ஷூ கம்பெனிகளில் மின்பாதுகாப்பு வகுப்பு எடுப்பது என் பிழைப்பு. எல்லாரும் சாப்பாட்டு மணிக்குக் காது கொடுத்திருக்கும் நேரம் பார்த்து நம்மைப் பேசச் சொல்வார்கள். வகுப்பெடுத்துத் தொண்டை வற்றிய சக பாவிகளே, ஆம்பூரில் ஒரே கம்பெனியில் நான் பட்டதைக் கேளுங்கள்.

ஊர்ப் பெயர்

வரலாற்றிலிருந்து ஆரம்பித்தேன். அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் அம்பர் என்ற பிசின் கட்டியை ஆட்டு ரோமத்தில் தேய்த்தார்கள், அது துரும்பை இழுத்தது, அம்பருக்கு அவர்கள் வைத்திருந்த பெயரிலிருந்துதான் எலக்ட்ரிசிட்டி என்ற சொல்லே பிறந்தது என்றேன். ஷூ மேல்பாகத்துக்குப் பசை தடவும் பர்வீன் கை தூக்கினார்.

"அம்பர்னா நம்ம ஆம்பூர் மாதிரியே இருக்குதே சார். அப்புறம் ஏன் இங்க மட்டும் கரன்ட்டு நிக்கவே மாட்டேங்குது?"

மைனஸ்

கண்ணாடியைப் பட்டில் தேய்த்தால் ஒரு வகை மின்னூட்டம், அம்பரை ரோமத்தில் தேய்த்தால் இன்னொரு வகை. பிரித்துக் கண்டவர் ஒரு பிரெஞ்சுக்காரர். ப்ளஸ், மைனஸ் என்று பெயர் வைத்தவர் ஓர் அமெரிக்கர். போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது, அதுவரை போனைத் தடவிக்கொண்டிருந்த மேனேஜர் நிமிர்ந்தார்.

"ப்ளஸ் மட்டும் இருக்கட்டும் சார். மைனஸை அழிச்சிடுங்க, ஷூ வாங்க வர்ற பையர் பார்த்தா பேஜாராயிடும்."

டிமிக்கி

வகுப்பு முடிந்ததும் பர்வீன் என்னைப் பசை அறைக்கு அழைத்துப் போனார். இரும்பு மேசையைத் தொட்டாலே சுள்ளென்று அடிக்கிறதாம். மேசைக்கால்களுக்கு அடியில் ரப்பர். மேலே நாளெல்லாம் ரெக்சின் உரசுகிறது. சேர்ந்த மின்னூட்டம் இறங்க வழியில்லை. பசையின் ஆவியில் ஒரு பொறி விழுந்தால் அறையே பற்றிக்கொள்ளும். பின்னால் வந்த மேனேஜர், "இன்னா பெரிய ஷாக்கு?" என்று மேசையில் கை வைத்தார், துள்ளிக் குதித்தார். "ஏம்மா, இவ்ளோ நாளா சொல்லவே இல்ல?"

பர்வீன் சொன்னார்: "தினம் சொன்னேன். வேலைக்கு டிமிக்கின்னு நீங்கதான் சொன்னீங்க."

எர்த்

மேசைக்கு எர்த் கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். மறுமாதம் போனால் பச்சை ஒயர் பளபளவென்று மேசையிலிருந்து கிளம்புகிறது. கூடவே நடந்தேன். ஜன்னலோரம் இருந்த மணி பிளான்ட் தொட்டிக்குள் போய் முடிந்தது. நான் முறைத்ததும் மேனேஜர் சிரித்தார்.

"தொட்டியிலயும் மண்ணுதானே சார் இருக்குது?"

வாசல்

ஒயரைப் பிடுங்கிப் பர்வீனிடம் காட்டினேன். அவர் கையிலிருந்த பிரஷ்ஷை வைத்துவிட்டு வெளியே நடந்தார். அறையே பின்னால் போனது. அன்று சரக்கைக் கன்டெய்னரில் ஏற்ற வேண்டிய நாள். மேனேஜர் கெஞ்சினார், மிரட்டினார், டீ வரவழைத்தார். டீயைக் குடித்தார்கள், உள்ளே போகவில்லை. சாயங்காலத்துக்குள் மேனேஜர் ஆள் வைத்து முற்றத்தில் குழி வெட்டி, தகடு புதைத்து, ஒயரை இறக்கிவிட்டார். அதுவரை வாசலில் நின்று பர்வீன் சொன்னது ஒன்றுதான்.

"ஒயர் பூமிக்குள்ள போகட்டும், நாங்க ரூமுக்குள்ள போறோம்."

மின்னூட்டத்தை மண்ணுக்குள் இறக்க ஒரு செம்புக் கம்பி போதும். அந்த விஷயத்தை மேனேஜர் மண்டைக்குள் இறக்கத்தான் ஒரு செக்‌ஷனே வெயிலில் நிற்க வேண்டியிருக்கிறது.