அவர் காட்டிய அருவி

1961-ஆம் வருஷம், ஆவணி மாதம். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் போகிற காலை பஸ்ஸில், டிரைவருக்குப் பின் சீட்டில் நானும் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தோம். அந்த மலைக்குக் கீழேயே முப்பது வருஷம் குடியிருந்த நான் அன்றைக்குத்தான் முதன்முதலாக மேலே ஏறினேன்.

இத்தனைக்கும் என் வீட்டுக்காரர் அதே பாதையில் இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவர். அந்த மலை டிரைவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. பெண்டாட்டி பிள்ளைகளைத் தங்கள் வண்டியில் ஏற்ற மாட்டார்கள். குடும்பம் பின்னால் இருந்தால் கண் ரோட்டில் நிற்காதாம். வேறு டிரைவர் வண்டியிலாவது அனுப்பி வையுங்கள் என்று நான் கேட்டால், "நான் இல்லாம யாரு உனக்குக் காட்டுவா? வேலைய விட்டதும் பக்கத்துல உக்காந்து ஒவ்வொண்ணாக் காட்டுறேன்" என்பார்.

ஐம்பத்தைந்து வயது முடிந்ததும் வேலையை விட்டார். இன்னும் இரண்டு வருஷம் ஓட்டச் சொல்லி முதலாளியே கேட்டும் மாட்டேன் என்றுவிட்டார். வீட்டுக்கு வந்த மறுநாளே, "நாளைக்கு வெள்ளனே கெளம்பு, கொடைக்கானல் போவோம்" என்றார். எனக்குச் சிரிப்பு. "இனிமே உங்களுக்கு எல்லா நாளும் ஞாயித்துக்கெழமைதான. என்ன அவசரம்? மகளுக்குப் பிரசவம் முடியட்டும்" என்றேன். பிரசவம் முடிந்ததும் மறுபடி கேட்டார். அப்போது வீட்டுக்கு ஓடு மாற்றுகிற வேலை நடந்தது. மூன்றாவது தடவை கேட்டபோது, நல்ல வெயிலை விட்டால் வடகம் காயாது என்று சொல்லிவிட்டேன். அதற்கப்புறம் அவர் கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் ஆளே மாறிப்போனார். கடைக்குப் போகச் சொன்னால் தட்டிக் கழிப்பார். நாள் முழுக்க வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பார். வேலையை விட்டதும் மனுஷனுக்குச் சோம்பல் ஏறிவிட்டது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னேன். ஒருநாள் நிறைகுடத்தைக் காலால் தட்டிவிட்டார். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்று கத்தினேன். அவர் துணியை எடுத்துத் தரையைத் துடைத்தார்.

பக்கத்து வீட்டுக்காரி கொடைக்கானல் போய்ப் பேரிக்காயும் கையுமாக வந்து பெருமையடித்த பிறகுதான் எனக்கு ரோஷம் வந்தது. இப்போது நான் கேட்டேன், அவர் சாக்குச் சொன்னார். இரண்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள், சரி வா என்றார். பஸ் ஏறும்போது கூட்டமென்று என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பஸ் மலை ஏறத் தொடங்கியதும் அவருக்குப் பழைய கலகலப்பு வந்துவிட்டது. வளைவு வருவதற்கு முன்பே, இதோ பாலம் வரும், இதோ புளியமரம் வரும் என்று சொன்னார். அப்படியே வந்தது. டிரைவர் திரும்பிப் பார்த்து, "அண்ணே, ரோடெல்லாம் இன்னும் மனப்பாடமா?" என்று சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

எல்லோரும் வேடிக்கை பார்க்கிற டம்டம் பாறை வந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளத்துப் பக்கம் காட்டினார்.

"அந்தா பாரு, எலிவால் மாதிரி நீளமா விழுகுது பாத்தியா அருவி? எம்புட்டு வெள்ளையா இருக்கு!"

நான் பார்த்தேன். அருவியும் இல்லை, எதிர் மலையும் இல்லை. பள்ளம் முழுக்க மேகம் அடைத்துக் கிடந்தது. கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். பக்கத்து சீட்டில் பூம்பாறைக்குப் போகிற அம்மா ஒருத்தி, "என்னங்க ஐயா, வெறும் மேகமில்ல கெடக்கு. அருவி எங்க தெரியுது?" என்று கேட்டாள்.

நீட்டிய விரலை அவர் மெல்ல மடக்கிக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தக் கண்கள் என் பக்கம் திரும்பின, ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

ஏரிக்கரையில் உட்கார்ந்த பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். வேலையில் இருந்தபோதே ஒருநாள் வளைவில் விறகுக் கட்டோடு வந்த ஆள் கடைசி நொடியில்தான் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறான். மறுநாளே மதுரைக்குப் போய்க் காட்டியிருக்கிறார். கண்ணில் நரம்பு பட்டுப்போகிறது, வைத்தியம் இல்லை, பார்வை ஒரு வருஷம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதனால்தான் வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"ஏங்க எங்கிட்டச் சொல்லல?" என்று அழுதேன்.

"சொன்னா நீ அழுதுக்கிட்டே வருவ. எனக்கு இந்த மலையில புதுசா என்ன புள்ள இருக்கு? நீ பாக்கையில ஒம் மொகம் எப்படி இருக்குன்னு ஒரு தடவை பாக்கணும்னு இருந்துச்சு. அம்புட்டுத்தான்."

உடனே வீட்டுக்குப் போகலாம் என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. "வந்தது வந்தாச்சு. என்ன தெரியுதுன்னு சொல்லு" என்றார். அழகா இருக்குங்க என்றேன். அது போதாது, தண்ணி என்ன கலரு, படகுல எத்தனை பேரு என்று கேட்டார். மூக்கைச் சிந்திக்கொண்டே எண்ணிச் சொன்னேன்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவர் இருந்தார். நான் எந்த வேலைக்காகவும் அவரைக் காக்க வைக்கவில்லை. பூம்பாறைக்குப் போய்ப் படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்களைச் சொன்னேன். பழனியில் காவடிகளின் நிறத்தைச் சொன்னேன். அவரும் சந்தோஷமாகத்தான் கேட்டார். ஒரு மார்கழியில் நெஞ்சு வலி வந்தது. நான்கே நாளில் போய்விட்டார்.

அவரிடம் எத்தனையோ பேசினேன், ஒன்றை மட்டும் கேட்கத் துணியவில்லை. பார்வை முழுசாகப் போவதற்கு முன்னால் அவர் கடைசியாகப் பார்த்த என் முகம் எப்படி இருந்தது என்று இன்றும் யோசிக்கிறேன். அநேகமாக அவரைத் திட்டிக்கொண்டிருந்த முகமாகத்தான் இருந்திருக்கும் என்பதை என்னால் தாங்க முடியவில்லை.