அம்மாவுக்கு வேலை வந்த ஆயுத பூஜை

பிள்ளைகளா, அம்மாவுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் நீங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொன்று சொல்கிறீர்கள். பெரியவள் ‘ஆர்ட்டிஸ்ட்’ என்கிறாள். சின்னவன் ‘கம்பெனிங்களுக்குக் கை படம் போடுறாங்க’ என்கிறான். இரண்டும் சரிதான். அந்த வேலை எப்படி வந்தது என்று எழுதி வைக்கிறேன். நான் ஐ.டி.ஐ.யோடு நின்றவன், பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அம்மா ஓவியக் கல்லூரியில் பட்டம் வாங்கியவள். கல்யாணமாகி ஆவடி பக்கம் சேக்காட்டுக்கு வந்த நாளிலிருந்து வேலை தேடினாள். நீங்கள் பிறந்த பிறகும் தேடினாள். பள்ளிக்கூடங்களில் டிராயிங் டீச்சருக்கு வேறு சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். சில பள்ளிகளில் டிராயிங் பீரியடே இல்லை. ஆவடியில் பேனர் கடைக்காரர், கையால் போடுவதெல்லாம் போயிற்றம்மா, கம்ப்யூட்டர் தெரியுமா என்று கேட்டார். படம் போடுகிற பெரிய ஆபீஸெல்லாம் ஊருக்கு அந்தக் கோடியில். ரயிலும் பஸ்ஸுமாகப் போய் வந்தால் உங்களை யார் பார்ப்பது? ஒரு தடவை பிறந்தநாள் விழாவில் குழந்தைகள் முகத்தில் பூனை மீசை வரையக் கூப்பிட்டார்கள். போனாள். சிரித்துக்கொண்டே வந்து அந்தக் கதையைச் சொன்னாள். அப்புறம் பிரஷ்ஷையெல்லாம் கழுவித் துடைத்துப் பரண்மேல் போட்டுவிட்டாள்.

கடைசியில் பூந்தமல்லியில் ஒரு ஜவுளிக்கடைக்குச் சரி என்று சொல்லிவிட்டாள். தீபாவளிக் கூட்டத்துக்குச் சேலைப் பிரிவில் ஆள் எடுத்தார்கள். ஆயுத பூஜை கழிந்ததும் சேர வேண்டும். “அதுவும் கலர் பாக்குற வேலைதானேங்க” என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் தொழிற்பேட்டையில் இரும்புத் தகட்டை அழுத்துகிற பிரஸ் மெஷின் ஓட்டுகிறவன் நான், யாரிடம் போய் என்ன சிபாரிசு கேட்பேன்?

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற நாளில் வாட்ச்மேன் வாசலோடு நிறுத்திவிடுவார். ஆயுத பூஜை அன்று மட்டும் வீட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகலாம். மெஷினைத் துடைத்துப் பெயிண்ட் அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருப்போம். அந்த வருஷம் என் பிரஸ்ஸுக்கு முன்னால் கோலம் போட அம்மாவைக் கேட்டார்கள். சூப்பர்வைசர் மட்டும் கோலமாவு வேண்டாம் என்றார். தூள் பறந்து எண்ணெயில் ஒட்டினால், தகட்டுக்கு வடிவம் கொடுக்கிற டை கீறிவிடும். அதனால் தகட்டில் குறி போடும் சாக்பீஸை எடுத்துக் கொடுத்தேன்.

நான் நாள் முழுக்க நிற்கிற இடத்தை அம்மா அன்றுதான் முதலில் பார்க்கிறாள். இங்கே நின்று என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். மோட்டார் போடாமலே செய்து காட்டினேன். இடுக்கியால் தகட்டை உள்ளே வைக்க வேண்டும். கையை வெளியே எடுக்க வேண்டும். அப்புறம் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒன்றாக அழுத்த வேண்டும். அவள் தரையில் உட்கார்ந்து, கோலத்தை மறந்து, ஒவ்வொன்றையும் வரிசையாக வரைந்துவிட்டாள். பொரியை மென்றுகொண்டே ஆட்கள் கூடினார்கள்.

என் இடது ஆள்காட்டி விரலில் நுனி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கால் பெடலை மிதித்தால் கை உள்ளே இருந்தாலும் இறங்கிவிடுகிற பழைய பிரஸ் காலத்தில் போனது. அம்மா பார்த்ததை அப்படியே வரைந்திருந்தாள். எல்லாப் படத்திலும் அந்தக் குட்டை விரல். பக்கத்து மெஷின்காரர் குனிந்து பார்த்தார்.

“இன்னா அண்ணி, கோலம் போடச் சொன்னா அண்ணாத்தே கையப் போட்டு வெச்சிகிறீங்க? இதப் பாத்தா புச்சா வர்றவன் பொரிய வாங்கிகினு அப்டியே ஊட்டுக்குப் பூடுவான்.”

இடமே சிரித்தது. கண் பார்த்ததைக் கை போட வேண்டும் என்றுதான் அவளைப் படிக்க வைத்திருக்கிறார்கள். கம்பெனியில் போடுகிற படத்தில் விரல் முழுசாக இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. முகம் வாடிப்போய், முந்தானையால் அழிக்கப் போனாள்.

சிரிக்காமல் நின்றவர் ஒருத்தர்தான். ஒடிசாவிலிருந்து புதிதாக வந்திருந்தவர். சுவரில் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதிய போர்டுகள் அவருக்கு ஒன்றும் புரியாது. முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரைக்கும் பார்த்தபடி, வெறுங்காற்றில் கையை வைத்து, எடுத்து, அழுத்தினார். பிறகு அந்தக் குட்டை விரலைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், சட்டென்று தன் இரண்டு கையையும் மார்போடு இழுத்துக்கொண்டார்.

சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் முதலாளி அந்தப் பக்கம் வந்திருந்தார். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அழிக்காதம்மா. விரல் அப்படியே இருக்கட்டும். எல்லா மெஷினுக்கும் இதே மாதிரி போர்டு போட்டுத் தர முடியுமா?”

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. வரிசையாக நின்ற மெஷின்களைத்தான் பார்த்தாள்.

“ஓடுறப்ப வந்து பாக்கணும் சார். பாக்காம எனக்குப் போட வராது.”

ஜவுளிக்கடைக்குப் போய், இனி வேலைக்கு வரமாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டு வந்தாள். அவள் கம்பெனிக்குப் போகிற நாளில் உங்களுக்குச் சோறு ஊட்டியது மாடி வீட்டு அக்கா. அதை எப்போதும் மறக்காதீர்கள். ஒரு கம்பெனி சொல்லி இன்னொரு கம்பெனி என்று இன்றைக்கு அயனம்பாக்கம் பக்கம் வரைக்கும் போகிறாள். சில மாதம் வேலையே வராது, பிறகு சேர்ந்து வரும். நான் எல்லாருக்கும் நன்றி சொல்லிவிட்டேன், கிண்டல் பண்ணினவருக்கும்தான். அவர் சிரிப்பு மூட்டாவிட்டால் முதலாளி எட்டிப் பார்த்திருப்பாரா? அந்த ஒடிசாக்காரருக்குத்தான் சொல்ல முடியவில்லை. அம்மாவின் முதல் போர்டு மாட்டுவதற்குள் ஊருக்குப் போய்விட்டார்.

அந்த முதல் போர்டை என் பிரஸ்ஸில்தான் மாட்டினார்கள். மறுநாள் காலை ஷிப்டுக்கு எல்லாருக்கும் முன்னால் போய்விட்டேன். மோட்டாரைப் போடவில்லை. போர்டுக்கு முன்னால், அன்றைக்கு அந்த ஒடிசாக்காரர் நின்ற மாதிரி, புது ஆளாக நின்று, முதல் படத்தைப் பார்த்து இடுக்கியை எடுத்தேன். தகட்டை வைத்தேன், கையை வெளியே எடுத்தேன். கடைசிப் படத்தில் இருந்தபடியே இரண்டு பட்டனையும் அழுத்தினேன். பிறகு தகட்டை எடுத்து வைத்துவிட்டு, மறுபடியும் முதல் படத்திலிருந்து ஆரம்பித்தேன்.