அவர் சிகரெட்டை விட்ட காரணம்

ஒவ்வொரு நோன்பு மாதத்திலும் என் கணவர் சிகரெட்டை விடப்போவதாகச் சொல்வார். பகலெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, நோன்பு திறந்து கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்த கையோடு கொல்லைப் பக்கம் நழுவுவார். பெருநாளோடு சரி என்பார். பெருநாள் தொழுகை முடிந்து வரும்போதே வாயில் ஒன்று புகைந்துகொண்டிருக்கும்.

ஆகவே போன வருஷம், நோன்பும் இல்லாத ஒரு சாதாரண நாளில், "விட்டுட்டேன்" என்று அவர் சொன்னபோது நான் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை. யாரிடம் கதை விடுகிறார்?

அன்றிலிருந்து நான் பொலிஸ் வேலை பார்த்தேன். சட்டையை முகர்ந்தேன். அவர் ஓட்டும் முச்சக்கர வண்டியின் சீட்டுக்கடியில் கையை விட்டுத் துழாவினேன். பல்லேபொல சந்திக் கடை முதலாளியிடம் சும்மா கேட்பதுபோல் சிங்களத்தில் கேட்டேன். இப்போது வாங்குவதே இல்லை என்றார். முன்பும் இதே முகத்தோடு இதே பொய்யைச் சொன்ன மனுஷன்தான் அவர். ஆம்பிளைகள் ஒருத்தரையொருத்தர் காட்டிக்கொடுக்க மாட்டார்கள்.

அப்புறம் கொறக்கா விஷயம். எங்கள் தோட்டத்தில் மிளகு, கராம்போடு கொறக்கா மரமும் உண்டு. மீன் குழம்புக்குப் போடும் அந்தப் புளியை வெயிலில் வாட்டி, அடுப்புக்கு மேலே பரணில் பரப்பி, விறகுப் புகையில் நாள்கணக்காகக் கருக்க வேண்டும். சமையல் கேஸுக்கு மாறிய பிறகும் விறகடுப்பு இதற்காகத்தான் இருந்தது. கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து அது என் வேலை. அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததே கிடையாது. இந்த முறை தானே பார்த்துக்கொள்வதாக என் கையிலிருந்த விறகை வாங்கி, என்னை வெளியே அனுப்பிவிட்டுக் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்தப் புகைக்குள்ளே ஒரு பெட்டியையே ஊதித் தள்ளினாலும் யாருக்கு மணக்கும்? இந்த மூளையை வியாபாரத்தில் காட்டியிருந்தால் எப்போதோ மாத்தளை டவுனில் கடை வைத்திருப்போம்.

ஒரு பின்னேரம் சத்தமில்லாமல் போய்க் கதவைத் தள்ளினேன். கண்ணெல்லாம் சிவந்து, லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அவர் கொறக்காவைப் புரட்டிக்கொண்டிருந்தார். கையில் சிகரெட் இல்லை. சாம்பலைக் கிளறிப் பார்த்தேன். ஒரு துண்டுகூட இல்லை. புகை ஏறி எனக்கு இருமல் பிடித்தது. அடுப்படியில் கிடக்கிற பெண்களுக்கு இருக்கிற இருமல்தானே, நான் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. அவர் என் தோளைப் பிடித்து வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்.

அப்போதுதான் உண்மையாகவே பயந்தேன். மனுஷன் நிஜமாகவே விட்டிருக்கிறார். நான் அழுதும் சண்டை போட்டும் விடாதவர், மகள் பிள்ளைப்பேற்றுக்கு வந்திருந்தபோதும் விடாதவர், யாரும் கேட்காமல் எதற்காக விட்டார்? ஏதோ ஒரு டொக்டர் பயங்காட்டியிருக்கிறார். நெஞ்சில் என்னவோ இருக்கிறது, என்னிடம் மறைக்கிறார். சோற்றைக் குறைத்துப் போட்டுக்கொண்டாலும் சந்தேகம், கூட்டிப் போட்டுக்கொண்டாலும் சந்தேகம். தொழுதபின் நெடுநேரம் கையேந்தியிருந்தார். சாகப்போகிறவர் மாதிரி என்று நினைத்துவிட்டு, அப்படி நினைத்ததற்காக அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டேன்.

கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து வந்தவரைச் சாப்பிட விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு நெஞ்சுல என்ன வருத்தம்? மையத்தா போன பொறகா எனக்குச் சொல்லப் போறீங்க?"

கழுவிய கையைத் துடைக்காமலேயே நின்றார்.

"எனக்கு ஒண்ணுமில்ல, புள்ள."

"பொய்."

"எனக்கு ஒண்ணுமில்ல. உனக்குத்தான்."

அவர் சிகரெட்டை விடுவதற்கு முந்தின நாள், அவருடைய வற்புறுத்தலால் என் இருமலுக்கு எக்ஸ்ரே எடுக்க நாங்கள் டவுனுக்குப் போய் வந்திருந்தோம். நான் மருந்து வரிசையில் நின்றபோது டொக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டிருக்கிறார். என் நெஞ்சு கெட்டிருக்கிறதாம். இனி சிகரெட் புகையோ அடுப்புப் புகையோ என்மேல் படவே கூடாதாம். வீட்டில் யார் சிகரெட் குடிப்பது என்று கேட்டபோது இவர் சட்டைப் பையிலிருந்த பெட்டியைக் கையால் மறைத்தாராம். என்னிடம் வெறும் சளி என்று சொல்லிவிட்டு, மறுநாளே விட்டிருக்கிறார்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். என் நெஞ்சைப் பற்றிய சேதியை என்னிடமே ஒளிப்பதா? திட்ட வாயெடுத்தேன், இருமல்தான் வந்தது. அவர் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தார். இவ்வளவு சந்தேகக்காரியான எனக்கு, ராவும் பகலும் இருமிக்கொண்டிருந்த என் நெஞ்சின்மேல் மட்டும் ஒருநாளும் சந்தேகம் வரவில்லை.