பத்தாவது வீடு

சதுப்பைத் தூர்த்து ஊர் உண்டாக்கினோம் என்று பிள்ளைகளிடம் பெருமையடித்துக்கொள்வேன். அது பாதிதான். மிச்சத்தை அவர்களிடம் சொன்னதில்லை.

பர்மாவில், மிங்கலாடோனைத் தாண்டி ஓர் அரிசி ஆலை. வேலியோரச் சதுப்பில் உமியைக் கொட்டி மேடாக்கிக் குடிசை போட்டுக்கொள்ள முதலாளி விட்டார். வேலைக்கு வந்த ஒன்பது தமிழ்க் குடும்பங்கள் இறங்கினோம். பத்து வீடு இருந்தால்தான் சர்க்காரில் ஊரென்று பதிவார்கள் என்றார்கள். பதியாவிட்டால் என்றைக்கும் எங்களைக் கிளப்பலாம். பத்தாவது வீட்டுக்கு ஆளில்லை.

நான்தான் டவுனுக்குள் பபேடானுக்குப் போய் ஒருத்தியைப் பிடித்தேன். தெருமுனையில் வடை சுடுகிறவள். அப்பா பர்மாக்காரர், அம்மா தமிழ். புருஷன் செத்து, கைக்குழந்தையோடு யார் வீட்டு மாடிப்படியிலோ படுத்துக் கிடந்தாள்.

"பொறவு போகச் சொல்ல மாட்டீங்களே, அண்ணே?"

அது ஒன்றுதான் கேட்டாள். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தேன்.

தண்ணீர் தேங்கும் மூலையை அவளுக்கு ஒதுக்கினோம். கூடை கூடையாக உமி சுமந்து தனியாளாகத் தூர்த்தாள். நாங்கள் டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தோம். ஆபீசர் வந்து பத்து வீட்டையும் பதிந்துகொண்டு போனார். பொங்கலிட்டுக் கொண்டாடினோம்.

மூன்றாம் மாதம், தின்கன்ஜூனில் குடியிருந்த என் தங்கையை வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்லிவிட்டான். இங்கே காய்ந்த நிலம் மிச்சமில்லை. கூட்டம் போட்டோம். "அவ ஆலையில வேலை பாக்கல, நம்ம சனமும் இல்ல" என்றார் ஒருவர். என்ன ஒருவர், நான்தான்.

சொல்லப் போனபோது அவள் உமியை மிதித்துக் கெட்டித்துக்கொண்டிருந்தாள்.

"சத்தியம் பண்ணீங்களே, அண்ணே."

"ஊர் வர்றதுக்குப் பண்ணுனது. ஊர்தான் வந்திருச்சே."

வாயில் அப்படியொரு பதில் வந்ததற்கு அன்று எனக்கே பெருமையாக இருந்தது, வெட்கங்கெட்டவன். குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, வடைச்சட்டியோடு பஸ் ஏறினாள். வழியனுப்பக்கூட யாரும் போகவில்லை.

பதிந்த பிறகு புதுப் பெயர் சேர்க்க மாட்டார்களாம்; அவள் பெயரை அடித்தால் வீடு ஒன்பதாகிவிடும். அதனால் அடிக்கவில்லை. ஆபீசர் வந்து பட்டியலை வாசிக்கும்போது அவள் பெயருக்கு என் தங்கை எழுந்து நிற்கிறாள், அந்தக் குழந்தையின் பெயருக்குத் தங்கை மகள் கை தூக்குகிறாள். பபேடான் பக்கம் நான் போவதேயில்லை. ஆனால் சாமி கும்பிடும்போதெல்லாம் அவள் நூறு வயது இருக்கவேண்டும் என்று மனதார வேண்டிக்கொள்கிறேன். அவள் செத்தாளென்று ஏதாவதொரு ஆபீசில் எழுதிவிட்டால் எங்கள் ஊர் போய்விடும்.