எங்கள் பாட்டுச் சபையும் அடுத்த வீட்டுச் சமையற்கட்டும்

எங்கள் சபைப் பிள்ளைகள் மாடி அறையில் ஒரு மாதிரியும் மேடையில் வேறு மாதிரியும் பாடினார்கள். ஒத்திகையில் சுருதி அசையாமல் நிற்கும். அதே பிள்ளைகளை, அதே ஆர்மோனியத்தோடு ஏதாவது ஒரு மண்டபத்தில் கொண்டுபோய் நிறுத்தினால், இரண்டாவது அடியிலேயே குரல்கள் கீழே இறங்கத் தொடங்கிவிடும். பாட்டு முடியும்போது ஆர்மோனியம் ஓரிடத்திலும் பிள்ளைகள் வேறிடத்திலும் இருப்பார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் எப்படிப்பட்டது என்று கைதட்டு வாங்கியவர்களுக்குத் தெரியும்.

சபையின் பெயர் நீளமானது. நடத்தியவர்கள் மூன்றே பேர். தலைவர் பெரிய ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து போட்டுக் கட்டும் டிரஸ்ஸராக இருந்தவர்; கத்தோலிக்கர். பாடத் தெரியாது, தாளம்கூடப் போடத் தெரியாது. ஆனால் ஒரு பிள்ளை இருமினால் போதும், ஜன்னல் பக்கம் இழுத்துப்போய் வாயைத் திறக்கச் சொல்லித் தொண்டையை எட்டிப் பார்ப்பார். ஆர்மோனியம் வாசித்துப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் ரயில்வே அலுவலகத்தில் கிளார்க், சைவர். எங்கள் பினாங்குத் தீவில் ரயில் கிடையாது. டிக்கெட் இங்கே, வண்டி அக்கரையில் பிறை ஸ்டேஷனில். "வண்டியப் பாக்காமலே ரயில்வேயில வேலை செய்யிறவன் நான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். வேறு எதைப் பற்றி யார் என்ன சொன்னாலும் சிரிப்பார். ஆர்மோனியத்தைப் பற்றி மட்டும் பேசக்கூடாது.

மூன்றாவது ஆள் நான். தமிழ்ப் பள்ளியில் சின்ன வகுப்பு டீச்சர். கல்யாணம் ஆகாதவள். சனிக்கிழமை மதியம் சுங்கை பினாங்கு வரை நடந்துபோய், வீடு வீடாகப் பெண் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு வருவதும், இருட்டுவதற்குள் திரும்பக் கொண்டுபோய் விடுவதும் என் பொறுப்பு. இந்துப் பிள்ளைகளும் வேதக்காரப் பிள்ளைகளும் சேர்ந்தே வந்தார்கள். அதனால் ஆர்மோனியக்காரர் எந்தச் சாமி பேரும் வராமல் தானே பாட்டுக் கட்டினார். சூரியனைப் பற்றி, மழையைப் பற்றி, கல்வியைப் பற்றி.

ஒத்திகை நடந்தது ஒரு மசாலாச் சாமான் கடையின் மாடியில். கடைக்காரர் இடத்தைச் சும்மா கொடுத்திருந்தார். மிளகாய் வாடை மேலே ஏறி வந்து பிள்ளைகளைத் தும்மவைக்கும். அதற்காகவே பின்பக்க ஜன்னலை எப்போதும் திறந்து வைத்திருப்போம். ஜன்னலுக்கு நேர் கீழே அடுத்த வீட்டுச் சமையற்கட்டின் ஓட்டுக்கூரை. அது ஒரு பணக்காரச் சீனக் குடும்பத்தின் வீடு. எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரு பேச்சும் இருந்ததில்லை.

மேடையில் இரண்டாவது முறையும் மானம் போன பிறகு மூவரும் உட்கார்ந்து பேசினோம்.

"ஐஸ் தண்ணிதான் காரணம்" என்றார் டிரஸ்ஸர். "மண்டபத்துக்கு வெளிய ஐஸ் வண்டிக்காரன் நிக்கிறான். இதுங்க உறிஞ்சிட்டு உள்ள வருதுங்க. இனிமே மேடை ஏறுறதுக்கு முன்னால உப்புத்தண்ணி கொப்பளிக்கணும்."

"பயம்ணே, பயம்" என்றார் ஆர்மோனியக்காரர். "கூட்டத்தப் பாத்ததும் மிரண்டு போகுதுங்க. கண்ண மூடிக்கிட்டுப் பாடப் பழக்கணும்."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "ரிக்‌ஷாவுல ஏத்தி இறக்கறதுல ஆர்மோனியத்துக்குள்ள ஏதாச்சும் அசைஞ்சிருக்குமோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "எம் பெட்டி மேல பழி போடாதீங்க டீச்சர். பெட்டி சரியில்லன்னா நானும் சரியில்ல. வேற ஆளப் பாத்துக்குங்க."

அவரைச் சமாதானப்படுத்த டிரஸ்ஸருக்கு இரண்டு வாரம் பிடித்தது. பிள்ளைகள் உப்புத்தண்ணீர் கொப்பளித்தார்கள். கண்ணை மூடிக்கொண்டும் பாடினார்கள். மூன்றாவது மேடையிலும் சுருதி இறங்கியது.

எனக்கு இது ராத்தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்கு ஒன்றும் இல்லை. ஆனால் பள்ளியில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதும், மார்க்கெட்டில் மீன் வாங்கும்போதும் திடீரென்று நினைவுக்கு வரும். மாடி அறையில் இருப்பது என்ன, மேடையில் இல்லாதது என்ன? ஒரு சனிக்கிழமை பேய்மழை. சாரல் அடிக்கிறது என்று ஜன்னலை இழுத்துச் சாத்தினோம். அன்றைக்கு மாடி அறையிலேயே குரல்கள் இறங்கின. "குளிருது, அதான்" என்றார் டிரஸ்ஸர். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சில வாரம் கழித்து ஒரு சின்னப் பெண்ணுக்கு மிளகாய்க் காரத்தில் கண்ணீர் வழியவே, அவளைக் காற்றுக்காகப் பின்பக்க ஜன்னலருகே நிறுத்தி நானும் பக்கத்தில் நின்றேன். பாட்டின் நடுவில் யாரோ ஒரு பையன் சொல்லை விழுங்கிவிட்டான். ஆர்மோனியக்காரர் கையைத் தூக்கி நிறுத்தினார். பிள்ளைகள் எல்லோரும் வாயை மூடினார்கள். ஆனால் பாட்டு நிற்கவில்லை. ஒரு குரல் மட்டும் அடுத்த அடியைப் பாடிக்கொண்டே போய், பாதியில் திகைத்ததுபோல நின்றது.

நான் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன். யார் உதடும் அசையவில்லை.

"அண்ணே, இன்னொரு தடவ ஆரம்பிங்க. நடுவுல சொல்லாமக் கொள்ளாம சட்டுனு நிறுத்துங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அப்படியே செய்தார். இப்போது அந்தக் குரல் மூவர் காதிலும் விழுந்தது. கனமான, நேரான பெண் குரல். ஓட்டுக்கூரைக்கு அடியிலிருந்து வந்தது.

"எக்கோ அடிக்குது லா" என்றார் டிரஸ்ஸர்.

"எக்கோவுக்கு அடுத்த அடி தெரியுமா அண்ணே?" என்றேன்.

பிள்ளைகள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். பெரிய பெண் ஒருத்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"அது காக்கா, டீச்சர்."

மலாயில் அக்காவுக்கு அதுதான் சொல். தமிழ்ப் பிள்ளைகள் வாயில் அது வரும்போது பறவையும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். "அடுத்த வீட்டுச் சமையக்காரக் காக்கா. எப்பவும் எங்களோட பாடும். அது குரல் நிக்கிற எடத்துலயே எங்க குரலும் நிக்கும்."

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே டீச்சர்."

யார் போய்ப் பார்ப்பது என்று பேச்சு வந்தபோது ஆண்கள் இருவரும் பின்வாங்கினார்கள். அயல் வீட்டுச் சமையற்கட்டு, அதுவும் பெண்பிள்ளை இருக்கும் இடம். நான் பின் சந்து வழியாகப் போனேன்.

கதவு திறந்தே கிடந்தது. வெள்ளைச் சட்டை, கறுப்புக் கால்சட்டை, பின்னால் நீளமாகத் தொங்கும் ஒற்றைப் பின்னல். நாற்பது வயதிருக்கும். ஒரு முக்காலியில் உட்கார்ந்து கோழிக்குச் சிறகு பறித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள். எனக்கும் அவளுக்கும் பொதுவாக இருந்தது மார்க்கெட் மலாய்தான். அதில்தான் பேசினோம்.

"சத்தம் போட்டேனா? இனிமேல் பாடமாட்டேன். வீட்டு அம்மாவிடம் சொல்லாதீர்கள்" என்றாள்.

"சொல்ல வரவில்லை. பாட்டு நன்றாக இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவள் நம்பவில்லை. பிறகு உட்கார்ந்து கோழியை எடுத்துக்கொண்டு, வெகுநாளாக மனத்தில் வைத்திருந்ததுபோல ஒரு கேள்வி கேட்டாள்.

"அது எந்தக் கோழி?"

எனக்குப் புரியவில்லை.

"ஆயாம், ஆயாம் என்று பாடுகிறீர்களே. நான் கோழி உரிக்கிற நேரம் பார்த்து வாராவாரம் கோழியைப் பற்றியே பாடுகிறீர்கள். பிள்ளைகள் கோழிக்கறி கேட்டு அழுகிற பாட்டா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சூரியனைப் பற்றிய பாட்டில் 'ஆயிரம் ஆயிரம் கதிரோடு' என்று ஓர் அடி வரும். மலாயில் ஆயாம் என்றால் கோழி. இரண்டு வருஷமாக அவள் கோழிப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்திருக்கிறாள். நான் சூரியனைக் காட்டி, கதிரைக் கையால் விரித்துக் காட்டி விளக்கினேன். அவள் சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த சிறகெல்லாம் தரையில் பறந்தது. எனக்கும் அடக்க முடியவில்லை.

மேலே வந்து சொன்னேன். பிள்ளைகளுக்கும் கோழிக் கதை தெரிந்துவிட்டது; அதன் பிறகு அந்த அடி வரும்போதெல்லாம் நெளிவார்கள். டிரஸ்ஸருக்குக் கவலை வேறு. "ஜன்னலச் சாத்திட்டுப் பழக்குவோம். தமிழ்ப் பிள்ளைங்க சபை, சீன வேலைக்காரி குரலப் புடிச்சிக்கிட்டுப் பாடுதுன்னு வெளிய தெரிஞ்சா நம்ம ஆளுங்க சிரிப்பாங்க."

ஆர்மோனியக்காரர் எழுந்துவிட்டார். பெட்டியின் துருத்தியை மூடிக் கொக்கியை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். இனி வரமாட்டார் என்றே நானும் டிரஸ்ஸரும் முடிவு கட்டினோம்.

அடுத்த சனிக்கிழமை பிள்ளைகளோடு நான் வந்து சேர்ந்தபோது கடை வாசலில் அவரைக் காணவில்லை. பின் சந்திலிருந்து ஆர்மோனியச் சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தால், ஒரு கவிழ்த்த தொட்டியின்மேல் பெட்டியை வைத்து அவர் ஒவ்வொரு கட்டையாக அழுத்துகிறார். சமையற்கட்டு வாசலில் நின்று அவள் ஒவ்வொன்றுக்கும் குரல் கொடுக்கிறாள். அவர் முகத்தில் கோபத்தின் சாயலே இல்லை. புதுப் பொம்மையின் முதுகைக் கழற்றிப் பார்க்கும் பிள்ளையின் முகம்.

"டீச்சர், இங்க வாங்க. கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்க. எங்க கத்துக்கிட்டாங்க இத?"

கேட்டேன். எங்கும் கற்றுக்கொள்ளவில்லை என்றாள். சீனாவில் சின்ன வயதில் பட்டு நூல் ஆலையில் வேலை. கொதிக்கும் தண்ணீர்த் தொட்டி முன்னால் நாள் முழுக்க நிற்க வேண்டும். கண் அசந்தால் கை வெந்துவிடும். அதனால் தூக்கம் வராமலிருக்கப் பெண்கள் வரிசையாகப் பாடுவார்களாம். இயந்திரம் எப்போதும் ஒரே இரைச்சல் போடும். அந்த இரைச்சலை விட்டுக் குரல் இறங்கினால் பக்கத்தில் நிற்பவள் முழங்கையால் இடிப்பாளாம்.

"முழங்கை" என்று ஆர்மோனியக்காரர் தமக்குள் சொல்லிக்கொண்டார். "நம்ம பிள்ளைங்கள இடிக்க ஆளில்ல. அவங்களா இடிச்சிருக்காங்க, சுவத்துக்கு அந்தாண்ட இருந்து."

அடுத்து வந்த மேடைக்கு அவளைக் கூப்பிடுவது என்று அவர்தான் பிடிவாதமாக நின்றார். டிரஸ்ஸர் கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்: திரைக்குப் பின்னால் நின்று பாடட்டும். அவளுக்கு அதுதான் வசதி. ஆனால் வீட்டு அம்மாவிடம் உத்தரவு கேட்க வேண்டுமே. அந்த அம்மாள் விஷயத்தைக் கேட்டு, "என் சமையற்காரிக்குத் தமிழ்ப் பாட்டா?" என்று வியந்து, தானும் இரண்டு மகள்களோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டாள்.

அருவி வரைந்த பின்திரை. அதற்கு முன்னால் எங்கள் பிள்ளைகள். அவர்கள் பாடத் தொடங்கியதும் நான் இரண்டாவது அடிக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இறங்கவில்லை. மூன்றாவது அடி, நான்காவது. கோழி அடியில் சின்னவர்கள் நாலைந்து பேர் உதட்டைக் கடித்தார்கள். அப்போதும் சுருதி நின்றது. மண்டபத்தில் விசிறிக்கொண்டிருந்த கைகள் விசிறுவதை நிறுத்தின. அன்றைய கைதட்டல் வேறு வகை.

கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "பின்னால பாடறது யாரு?" என்று கேட்டார். டிரஸ்ஸர் என்ன சொல்லப்போகிறாரோ என்று நான் பார்த்தேன். அவர் மேடைக்கு ஏறி, தொண்டையைக் கனைத்து, "எங்க சபைக்கு வேண்டியவங்க. எல்லாரும் பாருங்க" என்று தம் கையாலேயே திரையை ஒதுக்கினார்.

பின்னால் யாரும் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கு அடுப்புப் பற்றவைக்க நேரமாகிவிட்டதென்று அவள் பாட்டு முடிந்ததும் பின்வாசல் வழியாகப் போய்விட்டிருந்தாள். டிரஸ்ஸர் திரையைப் பிடித்தபடியே நின்றார். முன்வரிசையில் வீட்டு அம்மாளுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது.

இன்னும் இரண்டு மேடைகளுக்கு அவள் வந்தாள். மறு ஆண்டு அந்தக் குடும்பம் கடலோரமாகப் புது பங்களா கட்டிக்கொண்டு போனது, அவளும் போனாள். போகுமுன் மாடிக்கு ஏறி வந்து பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆரஞ்சு கொடுத்தாள். சின்னவர்கள் அழுதார்கள்.

அதற்குள் ஆர்மோனியக்காரர் ஒரு வேலை செய்திருந்தார். சுருதி பிசகாத காதுள்ள பெரிய பெண்கள் இருவரை வரிசையின் இரண்டு கோடியிலும் நிறுத்தி, யார் இறங்கினாலும் பக்கத்திலிருப்பவர் இடிக்கலாம் என்று சட்டம் போட்டிருந்தார். ஆரம்பத்தில் இது அடிதடியில் முடிந்தது. டிரஸ்ஸர் ஒரு மூக்குக்கு மருந்து போட நேர்ந்தது. பிறகு அவர்களாகவே பழகிக்கொண்டார்கள்.

அவள் போன பிறகு வந்த முதல் மேடை எங்கள் பள்ளிக்கூடத்திலேயே அமைந்தது. மழையைப் பற்றிய பாட்டு. பாதியில் இடது பக்கத்துப் பையன்கள் சரியத் தொடங்கினார்கள். கோடியில் நின்றவள் யாரையும் இடிக்கவில்லை. முகத்தை மட்டும் அவர்கள் பக்கம் திருப்பி, கொஞ்சம் பலமாகப் பாடினாள். பையன்கள் அவள் குரலோடு ஒட்டிக்கொண்டு மேலே வந்தார்கள். ஆர்மோனியக்காரர் கட்டைகளைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டு வாசித்தார்.